விவாகரத்துக்குப் பிறகு ஒருவரோடு பழகுகிறேன், பிள்ளையிடம் எப்போது சொல்வது?

9 ஜூன் 2024 (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகியின் கேள்வி)

எனக்கு 35 வயது. விவாகரத்து ஆகி மூன்று வருடம். மகள் இரண்டாம் வகுப்பு. கூட வேலை பார்க்கும் ஒருவர் ஆறு மாதமாக நல்லவிதமாகப் பேசிப் பழகுகிறார், எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ தப்பு செய்துவிட்டு வந்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவளிடம் சொல்வதா, வேண்டாமா, சொன்னால் எப்போது? இந்த வழியில் நடந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

10 ஜூன் 2024

சகோதரி, நான் இப்போது அந்த வழியில்தான் நடந்துகொண்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். ஊர் தக்கலைப் பக்கம், வயது 39, மருந்துக்கடையில் வேலை. 2010இல் கல்யாணம், 2013இல் மகன், 2016இல் பிரிந்து அம்மா வீட்டுக்கு வந்தேன், 2019இல் தீர்ப்பு. ஏன் பிரிந்தோம் என்பதை இங்கே எழுத மாட்டேன். அதில் பாதி மகனுடைய அப்பாவின் கதை, அவர் இங்கே வந்து தன் பக்கத்தைச் சொல்ல முடியாது.

நடுவில் மேட்ரிமோனியில் பெயர் பதிந்து பார்த்தேன். பேசிய முதல் ஆள் சம்பளம் கேட்டார், இரண்டாம் ஆள் "பையனை அம்மா வீட்டில விட்டுட்டு வருவீங்கதானே" என்று கேட்டார். போனை வைத்துவிட்டு அன்றே பதிவை எடுத்துவிட்டேன். அதற்கு மேல் இந்தப் பேச்சே வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

போன வருடம் ஏப்ரலில் வீட்டுக் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. அண்ணன் ஊரில் இல்லை. நானே ஆட்டோவில் ஏற்றி, காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "அண்ணே, மோட்டார் ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்" என்றேன், நிமிரவே இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டதும் இடது கையை மட்டும் தூக்கிக் காட்டினார். எனக்குச் சுள்ளென்று கோபம். சுற்றி முடித்து, ஒரு நோட்டில் எண்ணை எழுதிவிட்டு, "மன்னிச்சுக்கிடுங்க, நடுவில பேசினா எண்ணிக்கை போயிரும், பிறகு முதல்ல இருந்து சுத்தணும்" என்றார். இரண்டு மாதம் கழித்து மகளுக்கு இருமல் என்று மருந்துக்கடைக்கு வந்தார். குழந்தையின் எடையைக் கேட்டேன். தெரியவில்லை என்று தயங்கி, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டு, எடையை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு திரும்பி வந்தார். மனைவி 2019இல் நோயில் போய்விட்டார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

உங்கள் கேள்விக்கு என் பதில்: இப்போது சொல்லாதீர்கள். குறைந்தது ஒரு வருடம் பிள்ளையிடம் மூச்சு விட வேண்டாம். பெரியவர்கள் நாம் தாங்கிக்கொள்வோம், நடுவில் முறிந்துபோனால் பிள்ளைக்கு அது இரண்டாவது முறிவு. நான் இன்னும் என் மகனிடம் சொல்லவில்லை.

12 ஜூன் 2024

10ஆம் தேதி எழுதியவள்தான் மறுபடி எழுதுகிறேன். மேலே ஒருவர் "மறுமணம் செய்தால் கோர்ட் பிள்ளையைப் பிடுங்கி அப்பாவிடம் கொடுத்துவிடும்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து இப்படிப் பயமுறுத்தாதீர்கள். நானும் இதை நம்பி எத்தனையோ இரவு தூங்காமல் கிடந்தவள். பிள்ளையின் நலன்தான் முதல் அளவுகோல். தாய் மறுமணம் செய்தாள் என்பதை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையை அவளிடமிருந்து எடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. மறுமணம் செய்தால் நமக்கு வரும் ஜீவனாம்சம் நிறுத்தப்படலாம். பிள்ளைக்கு அப்பா கொடுக்க வேண்டியது அதனால் நின்றுவிடாது.

தீர்ப்பு வந்த மறுநாளே கல்யாணம் வைக்கவும் முடியாது, மேல்முறையீட்டுக்கான காலம் கழிய வேண்டும். பரஸ்பர சம்மதத்தில் பிரிய வேண்டுமானால் இரண்டு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு இன்னும் ஆறு மாதம். நாகர்கோவில் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து இதையெல்லாம் மனப்பாடமே பண்ணினேன்.

13 ஜூன் 2024

திருத்தம். நேற்று எழுதிய இரண்டு வருடக் கணக்கு கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டத்தில் இருப்பது. 2001இல் திருத்திய பிறகுதான் எங்களுக்குப் பரஸ்பர சம்மதம் என்ற வழியே வந்தது. அதற்கு முன்பு மனைவி விவாகரத்து கேட்டால் கணவனின் தகாத உறவை நிரூபிக்க வேண்டும், அது மட்டும் போதாது, கூடவே கொடுமையோ கைவிட்டதோ இன்னொன்றையும் காட்ட வேண்டும். என் பெரியம்மா காலத்துப் பெண்கள் ஏன் பேசாமல் இருந்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு வருடம் பிரிந்திருந்தால் போதும், ஆறு மாதக் காத்திருப்பையும் கோர்ட் நினைத்தால் தள்ளிவிடலாம் என்று 2017இல் தீர்ப்பு இருக்கிறது. சுட்டிக்காட்டிய தம்பிக்கு நன்றி.

28 ஜூலை 2024

எங்கே சந்திக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. இங்கே களியக்காவிளையில் பார்த்தவர் வடசேரிக்கு வருவதற்குள் செய்தி வந்துவிடும். டேட்டிங் என்ற சொல் எனக்கு வாயில் வருவதில்லை, பழகிப் பார்க்கிறோம் என்றே சொல்வேன்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு தடவை போனோம். கேரள அரசின் பொறுப்பில் இருப்பதால் திங்கள்கிழமை மூடியிருக்கும் என்பதுகூட இருவருக்கும் தெரியாது, முதலில் திங்களன்று போய்த் திரும்பி வந்தோம். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் அவர் உள்ளே நுழைந்தது அன்றைக்குத்தான். அந்தக் கறுப்புத் தரையில் குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் போட்ட தரை என்று வழிகாட்டி சொன்னதும், "இதுக்கு முன்னால நம்ம வார்னிஷ் எந்த மூலைக்கு" என்று முணுமுணுத்தார். அவருக்குத் தொழில்தான் முதலில் வரும், எனக்கு அது பிடித்திருந்தது.

இன்னொரு தடவை இரணியலில் தனித்தனிப் பெட்டியில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போனோம். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை, கையைப் பிடித்துக்கொண்டுகூட நடக்கலாம். ஆனால் எனக்கு எதுவும் சாப்பிட இறங்கவில்லை. திருட்டு சாமானை மறைத்து வைத்திருப்பவள் மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது மகனுக்குப் பழம்பொரி வாங்கினேன், எங்கே வாங்கினது என்று கேட்டான், பொய் சொன்னேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது.

17 செப்டம்பர் 2024

ஜூன் 10இல் நான் சொன்னதை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். யாராவது அதைக் கேட்டு நடந்திருந்தால் மன்னியுங்கள்.

போன வாரம் பள்ளி வேனில் ஒரு பையன் என் மகனிடம், "உங்கம்மா காயில் கடைக்காரரைக் கட்டப் போறாங்களாம்" என்று சொல்லியிருக்கிறான். பதினொரு வயதுப் பிள்ளை. வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் புட்டைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே வைத்தான், காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் ராத்திரி அவன் பையில் நாளைக்கு வேண்டிய நோட்டை எடுத்து வைக்கும்போது ஒரு புது நோட்டின் லேபிளைப் பார்த்தேன். பெயரை எழுதியிருந்தான். முன்னால் ஒரு எழுத்துக்கு இடம் விட்டிருந்தான்.

"மக்கா, இனிஷியல் எழுதலையா?" என்றேன். அவன் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து இருட்டில் கேட்டான்: "அம்மா, என் இனிஷியல் மாறுமா?"

அவர் யார், நல்லவரா, நம் வீட்டுக்கு வருவாரா, என்னை விட்டுப் போய்விடுவாயா, இப்படி வரக்கூடிய கேள்விக்கெல்லாம் ஒரு வருடமாக மனதுக்குள் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். இந்தக் கேள்வி என் கணக்கிலேயே இல்லை. எழுந்து விளக்கைப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்து, "மாறாது. உன் அப்பா உன் அப்பாதான். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இருக்கிறது அப்படியேதான் இருக்கும், யாரும் தொட மாட்டார்கள்" என்றேன். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றான். அவன் அப்பா துபாயில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை தோறும் வீடியோ காலில் வருவார். அந்த வாரம் போன் வந்தபோது, அப்பாவுக்குத் தெரியாத ரகசியத்தைத் தான் வைத்திருக்கிறோமே என்று இந்தப் பிள்ளை திரையை நேராகப் பார்க்காமல் பேசியிருக்கிறான். அதுதான் என்னை உடைத்துவிட்டது. நான் ஒளித்த பாரத்தை அவன் சுமந்திருக்கிறான்.

மெதுவாகப் போவது வேறு, ஒளிப்பது வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன். மெதுவாகப் போனது சரி, அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆறு மாதம் ஆனதுமே "காயில் கடை மாமாவோடு அம்மா பேசிக்கிட்டிருக்கேன், எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு, இப்போதைக்கு அவ்வளவுதான்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால், வேனில் வந்த செய்தி அவனுக்குச் செய்தியாகவே இருந்திருக்காது.

18 செப்டம்பர் 2024

காலையில் லேபிளில் இனிஷியலை எழுதிக்கொண்டு போனான். பென்சிலால்தான். பேனா எடுத்துக் கொடுக்கவில்லை, அவன் இஷ்டம்.

4 டிசம்பர் 2024

நேற்று கோட்டாறு சவேரியார் திருவிழா, மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. மகனோடு போய்விட்டு வந்தேன். கூட்டத்தில் ஒரு பழைய தோழியைப் பார்த்தேன், அவளும் பிரிந்தவள், ஐந்து வருடமாகப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதில்லை என்றாள். கேட்டதும் மனது வெந்துபோனது, ஏனென்றால் நானும் மூன்று வருடம் வாங்காமல் இருந்தேன். அன்பியத்தில், அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டத்தில், ஒரு அக்கா "டைவர்ஸ் ஆனவங்க வாங்கக்கூடாது" என்று சொன்னதை அப்படியே நம்பினேன். அது தவறு. கோர்ட்டில் விவாகரத்து வாங்கிவிட்டு மறுமணம் செய்யாமல் இருப்பவர் நற்கருணை வாங்கத் தடையில்லை. கத்தோலிக்கப் பெண்கள் யார் இதை வாசித்தாலும் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

மறுமணம்தான் வேறு விஷயம். கோர்ட் தீர்ப்பைக் கொண்டுபோய்க் கோவிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கச் சொல்ல முடியாது. அந்தத் திருமணம் தொடக்கத்திலேயே செல்லாதது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் முடிவு சொல்ல வேண்டும். சம்மதம் சொன்ன நாளில் அந்தச் சம்மதம் உண்மையான சம்மதம்தானா என்பதைத்தான் விசாரிக்கிறார்கள், பின்னால் எப்படி அடித்துக்கொண்டோம் என்பதை அல்ல. முன்பெல்லாம் இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே முடிவைச் சொல்ல வேண்டியிருந்தது. 2015இல் போப் பிரான்சிஸ் அதை மாற்றினார், இப்போது யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டால் ஒரு முடிவு போதும். நான் மனு கொடுத்திருக்கிறேன். "அப்படின்னா பையன் முறைகேடாப் பிறந்தவன்னு ஆயிருமே" என்று அண்ணன் குதித்தான். ஆகாது, திருச்சபைச் சட்டமே அதைத் தெளிவாகச் சொல்கிறது.

அவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கம் அல்ல). மனைவியை இழந்தவர் என்பதால் அவர் பக்கம் தடை இல்லை. சபை வேறு என்பதால் ஆயரின் அனுமதியும் வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவு செய்துவிட்டால் சீக்கிரம் முடியுமே என்று சிலர் கேட்கிறார்கள். முடியும். எனக்குக் கோவிலில் நடக்க வேண்டும். காத்திருக்கிறேன்.

ஜனவரியில் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கன்னியாகுமரி போகலாம் என்று திட்டம், எப்படிப் போனது என்று வந்து எழுதுகிறேன்.

27 ஜனவரி 2025

சரியாகப் போகவில்லை.

விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்குப் போட்ட கண்ணாடிப் பாலம் டிசம்பர் 30இல் திறந்தார்களே, அதைப் பார்க்க ஊரே திரண்டிருந்தது. படகுக்கு வெயிலில் நீண்ட வரிசை. பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை தொடங்கியது, படகில் அவர் மகளுக்கு வாந்தி, என் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றான், அவள் அதைப் பார்த்துவிட்டாள். 77 மீட்டர் பாலம், அவன் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை போய் வந்தான், அவள் இந்தக் கரையிலேயே உட்கார்ந்து "பாட்டிகிட்ட போகணும்" என்று அழுதாள். ஒருவர் நான்கு பேரையும் சேர்த்துப் படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "நாலு பேரும் ஒரு குடும்பம்னு காட்டுறதுக்கு நாம அவசரப்பட்டுட்டோம். இனி தனித்தனியா வரட்டும். உங்க பையன் கடைக்கு வரட்டும், நான் வேலை செஞ்சுக்கிட்டே இருப்பேன், பேசணும்னா பேசட்டும்." அவர் சொன்னது எனக்கு மிகச் சரியாகப் பட்டது. சுற்றுலா போனால் எல்லோரும் சந்தோஷமாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிடுகிறது.

நான் அவர் வீட்டுக்குப் போய், அவருடைய அம்மாவோடு சேர்ந்து முந்திரிக்கொத்து செய்தேன். அந்தப் பிள்ளை தூரத்தில் நின்று பார்த்தாள். சுவரில் அவள் அம்மாவின் படம், மாலையோடு. "எங்கம்மா" என்று காட்டினாள். "அழகா இருக்காங்க, உனக்கு அதே கண்ணு" என்றேன். உண்மையில் அதே கண்தான். அந்தப் படம் அங்கிருந்து நகரக்கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

9 மார்ச் 2025

எப்படிக் கூப்பிடச் சொல்கிறீர்கள் என்று கேட்டவருக்கு: மகன் "மாமா" என்கிறான், அவள் என்னை "ஆன்ட்டி" என்கிறாள். நாங்கள் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. மகனுடைய அப்பாவிடம் நானே போனில் பேசினேன், ஆறு வருடத்தில் முதல்முறையாகச் சண்டை இல்லாத பேச்சு. "அவனை என்னைத் தவிர யாரையும் அப்பான்னு கூப்பிட வைக்காதே, வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்றார். நியாயம்தான். சரி என்றேன்.

அண்ணன் இன்னும் முகம் கொடுப்பதில்லை. மைனி மட்டும் ரகசியமாகப் பேசுகிறாள். அம்மா ஒன்றரை வருடம் இந்தப் பேச்சை எடுத்தாலே அடுக்களைக்குள் போய்விடுவார். போன சனிக்கிழமை மரச்சீனிக் கிழங்கை நறுக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "அவருக்குச் சாளை பிடிக்குமா, நெத்திலியா?" என்றார். எனக்குக் கையில் இருந்த தேங்காயைத் துருவ முடியவில்லை. நெத்திலி என்றேன். தூக்குவாளியில் கிழங்கும் நெத்திலிக் கறியும் போட்டு, மகன் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பினார்.

1 ஜூன் 2025

சகோதரி திரும்ப வந்து எழுதியதைப் பார்த்து மகிழ்ச்சி. மகளிடம் சொல்லிவிட்டதாகவும், அவள் "அவங்க வீட்டில நாய் இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விளையாடப் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது போதும், அவள் மறுபடி கேட்பாள், கேட்கும்போது மீதியைச் சொல்லுங்கள்.

எங்கள் தேதி என்ன என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். தீர்ப்பாயத்தில் மனு இன்னும் நடக்கிறது, தேதி இல்லை.

நாளை பள்ளி திறக்கிறது. லீவு முழுக்க மகன் காலையில் கடைக்குப் போய்விடுவான். எரிந்த மோட்டாரைப் பிரித்து, கறுத்த பழைய காயிலை வெட்டி எடுப்பது, இன்சுலேஷன் பேப்பரை அளந்து மடிப்பது, எல்லாம் கற்றுக்கொண்டான். நேற்று மாலை வேலை முடித்து அந்த வழியாகப் போனேன். அவர் ஓரத்தில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார். மகன் ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான், செம்புக் கம்பி அவன் விரல் நடுவே ஓடியது. "மக்கா, வீட்டுக்குப் போலாமா?" என்றேன். நிமிரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

இடது கையைத் தூக்கிக் காட்டினான்.